சாப்பாட்டில் நாய் கோணல் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

நேற்றுவரை தட்டை நக்கிப் பளபளவென்று வைத்த நாய் இன்று மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பக்கத்து ஃபிளாட் நாய் பால்கனித் தொட்டி மண்ணை ருசித்துத் தின்கிறது. இரண்டு வீட்டிலும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: தீனியை மாற்றிப் பார்ப்போம். அதைக் கடைசி வேலையாக வையுங்கள். தீனியை மாற்றினால் இரண்டு நாள் ஆசையாகச் சாப்பிடும், பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும், உண்மையான காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு போதும். சாப்பிடும் விதம் மட்டும் விசித்திரமாக இருந்து, மற்றபடி நாய் ஓடி ஆடி, மலமும் கெட்டியாகப் போனால், காரணம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும்: தட்டு, இடம், நேரம், ஊட்டுகிற ஆட்கள். விசித்திரத்தோடு இன்னொரு மாற்றம் சேர்ந்தால் உடம்பில் தேட வேண்டும். அந்த இன்னொரு மாற்றத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்துக் கைவேலை ஐந்து நிமிடம்தான்.

ஈறு: மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஈறு வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள்.

தண்ணீர்: காலையில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மீதியை அளங்கள். கிலோ ஒன்றுக்கு 50, 60 மில்லி சாதாரணம். 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அது வெயிலால் மட்டும் அல்ல.

மலம்: நிறம், கெட்டி, உள்ளே என்ன இருக்கிறது. லீஷைப் பிடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

காத்திருக்கக் கூடாதவை

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல், நுரை மட்டும் வந்து, உட்காரவும் படுக்கவும் முடியாமல் தவிக்கிறதா? இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சில மணி நேரத்திலேயே உயிர் போகும். சீரகத் தண்ணீர், ஜெலுசில், வயிற்றைத் தடவுவது எதுவும் வேண்டாம். கிளம்பும்போதே கிளினிக்குக்குப் போன் செய்து, அறுவைச் சிகிச்சை வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பெங்களூரு டிராஃபிக்கில் தவறான கிளினிக்குக்குப் போய்த் திரும்பினால் அந்த ஒரு மணி நேரம்தான் பிரச்சினை.

எலி மருந்து, சாக்லேட், உலர் திராட்சை, சுகர்ஃப்ரீ சூயிங்கம் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறி வரும்வரை பார்க்காதீர்கள். எலி மருந்தில் ஒரு வகை 3 முதல் 5 நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தக் கசிவைக் காட்டும். சூயிங்கமில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அரை மணியிலேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்த உப்பே தனி விஷமாகிவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா, கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும். கவரைக் கையோடு கொண்டுபோங்கள்.

குட்டியாக இருந்து, தடுப்பூசி முடியாமல், சாப்பாட்டை நிறுத்தி வாந்தியும் ரத்தப் பேதியும் போனால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.

அரை நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறது

கூடப் பிறந்த ஏழெட்டுக் குட்டிகளோடு போட்டி போட்டு வளர்ந்த நாய்க்கு இது பழக்கம். தெருவிலிருந்து வந்த நாய்க்கு இது பாடம். ஆனால் திடீரென்று இந்த வேகம் வந்திருந்தால், பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று முதலில் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை கணக்கு.

வேகத்தைக் குறைக்க ஸ்லோ ஃபீடர் தட்டு வாங்கலாம். அதற்கு முன் வீட்டில் இருக்கும் இட்லித் தட்டை எடுங்கள். பழைய அலுமினியம் வேண்டாம், ஸ்டீல் தட்டு. குழிக்குழியாக ட்ரை ஃபுட்டைப் பிரித்துப் போட்டால் நாக்கால் ஒவ்வொரு குழியாகத் துழாவித்தான் எடுக்க முடியும். அரை நிமிடச் சாப்பாடு மூன்று நான்கு நிமிடமாக நீளும். நீராவித் துளை உள்ள தட்டில் ஈரச் சாதம் போட்டால் துளை அடைத்து வாடை வரும். அதற்கு அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்புவது மேல். தட்டு நகர்ந்துகொண்டே போனால் அடியில் ஈரத்துணி போடுங்கள். நடுவில் பெரிய கல்லை வைக்கும் யோசனை பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது நாயின் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டால் அடுத்த பில் எக்ஸ்ரேவுக்கு.

ஒரே வேளையாகப் போடுவதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள்.

சாப்பிட்ட சில நிமிடத்தில் தலையைத் தாழ்த்தி, முக்கி முனகாமல், தின்றது அப்படியே குழாய் வடிவில் விழுந்தால் அது வாந்தி அல்ல, கக்கல். வேகத்தால் எப்போதாவது ஒரு முறை வந்தால் பரவாயில்லை, அதையே திரும்பத் தின்றாலும் அருவருப்பு நமக்குத்தான். வாரம் இரண்டு முறை வந்தால் உணவுக்குழாய் விரிந்து தளர்ந்திருக்கலாம். அந்தக் காட்சியைப் போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்குப் பத்து நிமிட விளக்கத்தைவிட அது உதவும்.

ஒரு வாய் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறது

இதில் நோய் அநேகமாக இல்லை. கழுத்துப் பட்டையில் தொங்கும் லைசென்ஸ் வில்லையும் மணியும் ஸ்டீல் கிண்ணத்தில் பட்டு டங் டங் என்று அடிப்பது காரணமாக இருக்கலாம். பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு வேளை போட்டுப் பாருங்கள். அடுத்தது இடம்: வாஷிங் மெஷின் பக்கம், பூஜை அறை மணிக்கு அருகில், எல்லோரும் நடக்கிற சமையலறை வாசல். மூலையில் சுவரைப் பார்த்தபடி சாப்பிடவைத்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்பது நாய்க்குத் தெரியாது. முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி தட்டைத் திருப்பி வைத்தாலே பாதி நாய்கள் நின்று சாப்பிடும். வயதான நாய்க்குக் கிரானைட் தரை வழுக்கும். தட்டின் முன் ஒரு பழைய கோணி போதும்.

மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை: தட்டில் இருப்பது வேண்டாம், ஆனால் உங்கள் தட்டில் இருக்கும் ஆம்லெட் வேண்டும். இது பசியின்மை அல்ல, பேரம். மறுக்க மறுக்க மேலே நெய், பிறகு முட்டை, பிறகு சிக்கன் என்று ஏற்றிக் கற்றுக்கொடுத்தது நாம். தீர்வு அலுப்பானது: நேரத்துக்கு வையுங்கள், 15 நிமிடம் விடுங்கள், சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை ஒரு பிஸ்கட்கூட இல்லை. ஆரோக்கியமான வளர்ந்த நாய் இரண்டு மூன்று வேளையில் வழிக்கு வரும். வீட்டில் ஒருவர் மட்டும் இதைச் செய்து, பாட்டி பின்னால் மேரி பிஸ்கட் கொடுத்தால் ஒரு மாதமானாலும் வராது. குட்டிகளிடமும் பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய ரகங்களிடமும் இந்தப் பிடிவாதம் காட்டாதீர்கள். அவற்றுக்கு அரை நாள் பட்டினியிலேயே சர்க்கரை இறங்கித் தள்ளாட்டம் வரும்.

இரண்டாம் வகை: ஒரு குறிப்பிட்ட உணவை மட்டும் திடீரென்று வெறுக்கிறது. தயிர் சாதத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தீர்களா? கசப்பு ஒரு முறை நாக்கில் பட்டுவிட்டால் அந்த நாய்க்குத் தயிர் சாதமே சந்தேகத்துக்குரிய பொருள். தினச் சாப்பாட்டில் மாத்திரை ஒளிப்பதை நிறுத்துங்கள். அதற்கென்று வேறு ஒன்றை வையுங்கள்: பிசைந்த இட்லியோ வாழைப்பழமோ, சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை. முதல் உருண்டை வெறும், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது வெறும். மூன்றாவதைக் கண்ணில் காட்டியபடியே இரண்டாவதைக் கொடுத்தால் மெல்லாமல் விழுங்கும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தருகிற டாக்ஸிசைக்ளினைத் தயிரிலோ பாலிலோ கொடுத்தால் அது உடம்பில் சேர்வதும் குறையும். அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும் என்பதால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ உணவோ போக வேண்டும். இதைத் தின்னும் நாள்களில் குமட்டலால் பசி குறைவதும் உண்டு. அதற்காகப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும்; டாக்டரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ சரிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வகை: எதுவுமே வேண்டாம், சிக்கனும் வேண்டாம், மூலையில் படுத்திருக்கிறது. வளர்ந்த நாய் 24 மணி நேரம் இப்படி இருந்தால் போதும், காத்திருந்தது போதும். பெங்களூரில் இந்த இடத்தில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா, பேபேசியா என்ற கிருமிகளால் வருவது. இங்கே கடுங்குளிரும் இல்லை, கொடும் வெயிலும் இல்லை. நமக்கு இதமான இந்தத் தட்பவெப்பம் உண்ணிக்கும் இதம், வருடம் முழுக்க இருக்கும். காது மடலின் உட்பக்கம், விரல் இடுக்கு, வாலடி, பட்டைக்கு அடியில் தடவித் தேடுங்கள். உண்ணி கிடைக்காவிட்டாலும் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது, கடித்துவிட்டு விழுந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருப்பது முக்கியமான துப்பு.

பெண் நாய், கருத்தடை செய்யவில்லை, தீட்டுப்பட்டு ஒன்றிரண்டு மாதம் ஆகிறது, சாப்பாடு குறைந்து தண்ணீர் குடிப்பது கூடியிருக்கிறது என்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாமலும் இது வரும். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். அதே காலக்கட்டத்தில் பொம்மையை வாயில் கவ்விக்கொண்டு கூடு கட்டுவதுபோல் துணியைச் சுரண்டி, மடி வீங்கி, சாப்பாடு மட்டும் குறைந்தால் பொய்ச் சினையாக இருக்கலாம். அது தானாக அடங்கும். இரண்டையும் வீட்டில் பிரிப்பது கடினம் என்பதால் முதல் முறை காட்டிவிடுவது நல்லது.

ஏப்ரல், மே வெயிலில் மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்குவதும், தீபாவளிப் பட்டாசுக்கு ஒரு நாள் கட்டிலடியில் பட்டினி கிடப்பதும் இயல்பு. வெயில் மாதங்களில் காலை 7 மணிக்குள், இரவு 8 மணிக்கு மேல் என்று நேரத்தை நகர்த்துங்கள்.

ஆசையாக வருகிறது, வாயில் எடுத்துக் கீழே போடுகிறது

பசி இருக்கிறது, வாயில் வலி. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும், கெட்டித் தீனியை விட்டுவிட்டுக் குழம்புத் தண்ணீரை மட்டும் நக்கும். உதட்டைத் தூக்கி மேல் கடைவாயின் பெரிய பல்லைப் பாருங்கள். எலும்பு, கொம்புத் துண்டு கடிக்கும் நாய்களுக்கு அங்கேதான் சில்லு பெயரும். மேலண்ணத்தின் குறுக்கே குச்சியோ எலும்போ செருகிக்கொண்டு நிற்பதும் உண்டு, காலால் வாயைப் பிறாண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல், குரல் மாறி, குணமும் மாறியிருந்தால் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை வாய்க்குள் விடாதீர்கள். வெறிநோயின் ஊமை வகை இப்படித்தான் தெரியும். கல், மரம், மண் என்று கண்டதைக் கடிப்பதும் அந்த நோயின் அறிகுறி. வெறிநோய்த் தடுப்பூசி தவறியிருந்து, சமீபத்தில் வேறு நாய் கடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. நாயைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தி டாக்டரை அழையுங்கள். எச்சில் புண்ணில் பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள்.

ஜூனில் மழை விட்டதும் தரைத்தள வீடுகளில் வேறொரு காட்சி: நாய் திடீரென்று நுரை நுரையாக எச்சில் விட்டுத் தலையை உதறும். தேரையைக் கவ்வியிருக்கும். குழாய்த் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் விட்டு, தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கழுவுங்கள். தொண்டைக்குள் நேராகப் பீய்ச்சினால் விஷத்தை உள்ளே தள்ளுவீர்கள். நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் கிளினிக்.

புல் தின்கிறது

நாய்கள் புல் தின்னும். வயிறு சரியில்லாமல்தான் தின்கிறது என்பது பாதிக்கும் குறைவான நேரங்களில்தான் உண்மை. பெரும்பாலான நாய்கள் தின்றபின் வாந்தியும் எடுப்பதில்லை. கவலைப்பட வேண்டியது புல்லுக்கு மேலே அடித்திருப்பதைப் பற்றி. அப்பார்ட்மென்ட் புல்வெளியில் எந்த நாளில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் மட்டும் அவசர அவசரமாகப் புல்லைப் பிடுங்கித் தின்று மஞ்சள் நுரையாகக் கக்கினால் இரவெல்லாம் காலியாகக் கிடந்த வயிற்றில் பித்தம் சேர்ந்திருக்கிறது. படுக்கப்போகும்முன் அன்றைய அளவிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கொடுங்கள், ஒரு வாரத்தில் தெரியும்.

மண், சுண்ணாம்பு, சிமெண்ட் தின்கிறது

புல்லைப்போல் இதை விட்டுவிடக் கூடாது. ரத்தச் சோகை உள்ள நாய் மண் தின்னும். கொக்கிப்புழு குடலில் தொங்கி ரத்தம் குடிக்கும், உண்ணிக் காய்ச்சல் ரத்த அணுக்களை அழிக்கும், இரண்டும் நம் ஊரில் சாதாரணம். மேலே சொன்ன ஈறு சோதனையை இங்கே மறுபடி செய்யுங்கள். மலம் தார்போல் கறுத்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது.

அடுத்த கேள்வி: தினமும் என்ன சாப்பிடுகிறது? பால் சாதம், தயிர் சாதம், ரசம் சாதம் என்றே வளரும் நாய்கள் நம் வீடுகளில் நிறைய. வயிறு நிறையும், புரதம் போதாது. 'தினமும் சிக்கன் போடுகிறோமே' என்கிற வீட்டிலும் குட்டிக்குப் பிரச்சினை வரும்: எலும்பில்லாத சிக்கனில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் ஏறக்குறைய இல்லை. உடம்பு கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவும். கால் வளையும், சோபாவிலிருந்து குதித்ததற்கே முறியும். ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெங்களூரில் நாய்க்கு ராகி முத்தேயோ (களி உருண்டை) கஞ்சியோ போடுவது பழைய வழக்கம், கெடுதலும் இல்லை. ஆனால் ராகியில் உள்ள ஃபைட்டேட் அந்தக் கால்சியத்தைக் கட்டிவைத்துவிடும், அதனால் முத்தேயை நம்பி குட்டியை வளர்க்க முடியாது. வளரும் வயதில் குட்டிகளுக்கான முழுமையான தீனி கொடுங்கள், அல்லது டாக்டர் கணக்கிட்டுத் தரும் அளவில் கால்சியம் சேருங்கள். கண்ணளவில் கால்சியம் சிரப் ஊற்றுவதும் பெரிய ரகக் குட்டிகளுக்கு எலும்புக் கோளாறைக் கொண்டுவரும்.

தொட்டி மண்ணை மட்டும் தேடிப்போய்த் தின்றால் மண்ணில் என்ன உரம் என்று பாருங்கள். எலும்புத் தூளும் பிண்ணாக்கும் நாய்க்கு விருந்து வாசனை. ஆமணக்குப் பிண்ணாக்கு சரியாகப் பதப்படுத்தப்படாமல் இருந்தால் ரிசின் என்ற கொடிய நஞ்சு அதில் இருக்கும். தின்ற சில மணியிலிருந்து ஓரிரு நாளுக்குள் வாந்தி, ரத்தப் பேதி. மாடித்தோட்டமும் நாயும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த உரத்தை வாங்கவே வேண்டாம்.

துணி, சாக்ஸ், பிளாஸ்டிக், கல் விழுங்குவது குட்டிகளிடம் விளையாட்டிலிருந்து பழக்கமாகும். அடுத்தடுத்து வாந்தி, மலம் போகவில்லை, வயிற்றைத் தொட்டால் வலிக்கிறது என்றால் அடைப்பு. மே மாதத்தில் மாங்கொட்டையும் மற்ற மாதங்களில் மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டும் குடலை அடைப்பதில் முன்னணி. எக்ஸ்ரேயில் இரண்டும் தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஸ்கேன் கேளுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே மாட்டியிருந்தால் குடலை அறுக்கும்.

தரையையும் சுவரையும் நக்கிக்கொண்டே இருக்கிறது

சாம்பார் சிந்திய இடத்தை நக்குவது வேறு. சுத்தமான டைல்ஸை, சோபாவை, காற்றைக்கூட மணிக்கணக்கில் நக்குவதை 'போர் அடிக்குது போல' என்று விடுகிறோம். 2012இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இப்படி நக்கும் 19 நாய்களைப் பரிசோதித்ததில் 14 நாய்களுக்கு வயிறு, குடல் கோளாறு இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானவை நக்குவது குறைந்தது. ஆகவே முதலில் குமட்டல் என்று எடுத்துக்கொண்டு வயிற்றைக் காட்டுங்கள், பிறகு பொம்மை வாங்கலாம்.

மலம் தின்கிறது

வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் கேட்பார்கள். தாய் நாய் தன் குட்டிகளின் மலத்தை நக்கிச் சுத்தம் செய்யும். குட்டிகளும் ஆராய்ச்சியாகத் தின்று பார்க்கும், பல வளர்ந்ததும் விட்டுவிடும். வளர்ந்த நாய் திடீரென்று ஆரம்பித்தால் மலத்தைப் பாருங்கள். நிறைய, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, நாற்றமாகப் போய், எவ்வளவு தின்றாலும் நாய் இளைத்தால் கணையத்தில் செரிமான நொதி சுரக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரியும், நொதிப் பொடி கலந்து கொடுத்தால் தேறும். ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் இது சற்று அதிகம்.

பரிசோதனை எல்லாம் சரி என்றால் மீதி பழக்கம். அன்னாசிப்பழம் போடுங்கள், இந்தப் பொடி தூவுங்கள் என்ற யோசனைகளுக்குச் செலவழிக்க வேண்டாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட பொருள்கள் பலித்தது அதிகபட்சம் நூற்றில் இரண்டு நாய்களிடம். வேலை செய்வது ஒன்றுதான்: போனவுடன் அள்ளுவது. லீஷில் கூட்டிப்போய், முடித்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் பக்கம் திரும்பியதும் கையில் ஒரு சிக்கன் துண்டு. கத்திக்கொண்டு ஓடினால் நாய் அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும்.

எவ்வளவு போட்டாலும் பசி

லேப்ரடார் என்றால் பாதி பதில் அதன் பிறப்பில் இருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது: நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் துண்டு விடுபட்டிருக்கிறது. அது நடிக்கவில்லை, உண்மையிலேயே பசிக்கிறது. அதற்காகக் கேட்கும்போதெல்லாம் போட முடியாது.

கணக்கு இப்படி: எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். வந்ததை 1.6ஆல் பெருக்கினால், கருத்தடை செய்த வளர்ந்த நாயின் ஒரு நாள் கலோரி தோராயமாக வரும். 10 கிலோ நாய்க்கு 590. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. காலையில் அப்பா வாக்கிங்கில் இரண்டு, வேலைக்கு வரும் அக்கா ஒன்று, 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பிட்டாச்சா?) என்று நாயையே விசாரிக்கும் வாட்ச்மேன் இரண்டு, மாலை டீயோடு பாட்டி இரண்டு. ஏழு பிஸ்கட், 175 கலோரி, நாளின் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தட்டு வைக்கும் முன்பே. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எதைக் கொடுத்தாலும் கோடு போடச் சொல்லுங்கள். மூன்று நாளில் மர்மம் விலகும்.

நாட்டு ரகங்களில் தலைகீழான தவறு நடக்கிறது. முதோல், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி ஓரிரு விலா தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் உடல்வாகு. 'எலும்பா இருக்கே' என்று நெய்ச் சோறு ஏற்றிக் கெடுக்காதீர்கள்.

பசியோடு தண்ணீரும் சிறுநீரும் கூடினால் சர்க்கரை நோய், குஷிங் நோய் (உடம்பில் கார்ட்டிசால் ஹார்மோன் மிகுவது) இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தோல் அரிப்புக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால் பசிக்கு அதுவே காரணம். திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

தட்டருகில் போனால் உறுமுகிறது

உறுமலுக்கு அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி. 'நான்தான் எஜமான்' என்று தட்டில் கையை விட்டுக் காட்டுவதும் இதையேதான் செய்யும். உறுமாத தூரத்தில், ஆறடி என்றால் ஆறடியில், நின்று தட்டின் பக்கம் ஒரு சிக்கன் துண்டை எறிந்துவிட்டுப் போய்விடுங்கள். ஆள் வந்தால் நல்லது வருகிறது என்று நாய் தலையைத் தூக்கி வாலாட்டும்வரை அதே தூரம், பிறகு அரையடி உள்ளே. பொதுவாக வாரங்கள் பிடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவரை கதவைச் சாத்தி ஊட்டுங்கள். இதுவரை உறுமாத வயதான நாய் உறுமினால் எங்கோ வலிக்கிறது.

சப்பாத்தியைத் தலையணை அடியில் ஒளிப்பது இதோடு சேர்ந்ததல்ல; பசியில்லாதபோது பதுக்குவது நாயின் இயல்பு. அளவைக் கொஞ்சம் குறையுங்கள், எறும்பு வருமுன் தலையணையைத் தூக்கிப் பாருங்கள்.

குப்பைக்கூடையைக் கிளறித் தின்கிறது

தமிழ் வீட்டுக் குப்பையில் நாய்க்கு ஆபத்தானவை மூன்று. ஃபில்டரிலிருந்து தட்டிய காபிக் கசடு: அதில் இன்னும் காஃபின் மிச்சமிருக்கும், சின்ன நாய்க்குப் படபடப்பும் நடுக்கமும் வரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு: வெந்த எலும்பு ஊசியாகப் பிளக்கும். வெங்காயம்: கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் தின்றாலே ரத்த அணுக்கள் சிதையத் தொடங்கும், வெந்தாலும் வீரியம் போகாது. தினம் கொஞ்சம் வெங்காய சாம்பார் என்று சேர்ந்தாலும் அதே கதைதான். சில நாள் கழித்துச் சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனால் தாமதிக்காதீர்கள். பூண்டு இதைவிட வீரியம். கேசரியில் கிடக்கும் திராட்சைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நம்ப முடியாது, எவ்வளவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நாய்க்கு நாய் மாறும்.

மூடி உள்ள, காலால் மிதித்துத் திறக்கும் கூடையைச் சில லேப்ரடார்கள் கற்றுக்கொண்டுவிடும். சிங்க்குக்கு அடியில் கொக்கி போட்ட அலமாரிதான் பத்திரம்.

டாக்டரிடம் போகும்போது

ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாலும் கையில் இவை இருக்கட்டும்: மூன்று நாள் சாப்பாட்டுத் தாள், அளந்த தண்ணீரின் கணக்கு, விசித்திரத்தைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் அட்டை, கடைசிப் பூச்சி மருந்தின் தேதி, பெண் நாய் என்றால் கடைசித் தீட்டின் தேதி. கூடவே அன்று காலை மலம், பாக்கு அளவு, மூடி இறுகும் சின்ன டப்பாவில். உடனே போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் சில மணி நேரம் இருக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. டப்பாமேல் பெரிய எழுத்தில் என்னவென்று எழுதி, இரண்டு கவர் போட்டு வையுங்கள். தோசை மாவு இருக்கும் தட்டில் வேண்டாம்.